கௌசல்யா கொடுத்த ரத்தம்

விருதுநகரில் எனக்கு வைத்த முதல் பரோட்டா எண்ணெயில் முங்கிப் பொரிந்து, தட்டில் விழும்போது சத்தம் போட்டது. கல்லீரல் நோய்களைப் பற்றியே படித்துப் பிழைக்கிறவள் நான். தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருந்த முருகேஸ்வரி அதை நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றிவிட்டார்.

“யோசிக்காதீக டாக்டரம்மா. ஆறிப்போனா நல்லாருக்காது.”

நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்.

முருகேஸ்வரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். விருதுநகரில் கல்லீரல் மருத்துவம் பார்க்கும் டாக்டர் சாந்தி, நான் இருக்கும் நாள்வரை அவரை என்னோடு அனுப்பியிருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். ஹெபடைடிஸ் பி என்ற வைரஸ் கல்லீரலுக்குள் புகுந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி என்ன செய்கிறது என்பது என் ஆராய்ச்சி. பெரியவர்களில் பெரும்பாலானோர் உடம்பு சில மாதங்களில் அதை விரட்டிவிடும். சிலருடைய உடம்பு விரட்டுவதும் இல்லை, பெரிதாகச் சண்டை போடுவதும் இல்லை. பல வருடம் அதோடு ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளிவிடும். அது ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியாது. எங்கள் ஊரில் இந்த வைரஸ் உள்ளவர்கள் குறைவு. டாக்டர் சாந்தியிடம் அப்படிப் பலர் வருகிறார்கள். சம்மதிக்கிறவர்களின் வீட்டுக்கே போய்க் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலுள்ள செல்களைப் பார்ப்பதாகத் திட்டம்.

முதல் வீட்டிலேயே மொழி தடுக்கியது. கட்டிலில் இருந்த பெரியவரிடம், “உங்களோடை கொஞ்சம் கதைக்கலாமோ?” என்று கேட்டேன். அவர் முருகேஸ்வரியைப் பார்த்தார்.

“கதை சொல்லப் போறாகளா?”

“பேசலாமான்னு கேக்காங்கய்யா.”

அதற்குப் பிறகு நான் சொல்வதை முருகேஸ்வரி ஒருமுறை திருப்பிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. தமிழிலிருந்து தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். நாங்கள் செங்கமாரி என்பது இவர்களுக்கு மஞ்சக்காமாலை. நான் “வடிவாச் சொல்லுங்கோ” என்றால், “தெளிவாச் சொல்லணுமாம்” என்பார். வெயிலுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் ஊர் வெயிலில் கடல் காற்றின் உப்பு கொஞ்சம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

மறுநாள் சிவகாசி. மஞ்சள் காமாலையைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் சாந்திக்குப் பழக்கமான ஓர் அச்சகத்துக்குப் போனோம். உரிமையாளர் பெயர் சௌந்தரபாண்டி. அறுபதை நெருங்கும் வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று பேனாக்கள். பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிள்தான் அவருடைய முக்கிய வேலை. ஈரம் காயாத ஒரு தாளை எடுத்து விரித்துக் காட்டினார். தாள் முழுக்க ஒரே மயில், வரிசை வரிசையாக. பக்கத்து அறையில் இயந்திரம் ஓடும் அதிர்வு என் செருப்புக்குள் வந்து கூசியது.

“சீசன்ல வந்தீகன்னா நிக்க எடம் இருக்காது. இப்பம் கொஞ்சம் சும்மா இருக்கோம். மதியச் சாப்பாடு எங்க வீட்லதான். நீங்க ஓட்டல்ல சாப்பிட்டீகன்னு தெரிஞ்சா என் வீட்டுக்காரி என்னயத்தான் ஏசுவா.”

ஏசுவா என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு நொடி ஊரில் இருப்பதுபோல இருந்தது. நாங்களும் அப்படித்தான் சொல்வோம்.

வீடு அச்சகத்துக்கு மேலேயே. அவர் மனைவி இலை போட்டு, பருப்பு, நெய், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, மோர்மிளகாய் என்று பரிமாறிக்கொண்டே இருந்தார். சௌந்தரபாண்டி இலைக்குப் பக்கத்தில் எங்கள் பிரசுரத்தின் கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு படித்தார். பாதியில் நிறுத்தினார்.

“ஹெபடைட்டிஸ் பி. இதத்தானே நம்ம கௌசல்யாவுக்குச் சொன்னாக?” என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா குழம்புக் கரண்டியோடு உள்ளே போனார்.

“என் தங்கச்சி மக” என்று என்னிடம் திரும்பினார். “என் மகனுக்குப் பேசி முடிச்ச பிள்ள. பூ வெச்சாச்சு, மண்டபம் பிடிச்சாச்சு. பிள்ள ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்து, அங்கன யாருக்கோ ரத்தம் குடுத்திருக்கு. அதுல கண்டுபிடிச்சுட்டாக. நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. தாலி கட்டுனதுக்கப்புறம் தெரிஞ்சிருந்தா நெனச்சுப் பாருங்க!”

“கலியாணம்?”

“நிப்பாட்டிட்டோம். போன வருசம்.”

இந்த வைரஸ் ஒன்றாகச் சாப்பிடுவதாலோ தொடுவதாலோ ஒட்டாது, மணமகனுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை என்று சொன்னேன். முருகேஸ்வரி திருப்பிச் சொல்லத் தேவையில்லாதபடி நிதானமாகவே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க டாக்டரு, சொல்வீக. ஊரு அப்பிடியா? என் தங்கச்சி அவள நல்லாத்தான் பாத்துக்கிடுதா. பின்னாடி தனியா எடம் குடுத்து வெச்சிருக்கா. நெய் ஊத்திக்கோங்க.”

நெய் ஊற்றினார். கோபமாகவோ வெறுப்பாகவோ சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். விருந்தாளிக்கு நெய் ஊற்றுகிற அதே அன்போடு சொன்னதுதான் திடுக்கிட வைத்தது. தனியா வெச்சிருக்கா. அந்தப் பெண் ஒருமுறைகூட டாக்டர் சாந்தியிடம் வரவில்லை என்று முருகேஸ்வரி மெதுவாகச் சொன்னார். நான் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். “தாராளமாப் போங்க, புண்ணியமாப் போகும்” என்று அப்போதே தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார்.

அடுத்த நாள் காலை, கௌசல்யாவைப் பார்க்கப் போகும் வழியில், ஏழாயிரம்பண்ணைச் சாலையில் எங்கள் கார் நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து புகை. ஓட்டுநர் மூடியைத் திறந்து பார்த்து, “பெல்ட்டு போச்சு” என்று சொல்லிவிட்டு வேலிக்கருவை நிழலில் குந்திவிட்டார். இரண்டு பக்கமும் காய்ந்த நிலம். தூரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆலையின் சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவாமல் இருக்க அந்த இடைவெளி என்று முருகேஸ்வரி சொன்னார்.

பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று வந்தது. முருகேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் என்ற கணக்கில் இருந்தார்கள். தூக்குவாளிகளை நகர்த்தி எங்களுக்கும் இடம் விட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவரின் உள்ளங்கை ரேகைகள் வெள்ளி நிறத்தில் மின்னின. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “எம்புட்டுக் கழுவினாலும் போகாதும்மா. மருந்துப் பொடி” என்றார். பின்னால் இருவர் தீபாவளி ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்த வருடம் லோடு அதிகமாம், ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்வார்களாம்.

“நீங்க எந்த ஊரு?”

“யாழ்ப்பாணம்.”

“சிலோனா? அங்கன எல்லாம் வெடி வெடிப்பாகளா?”

“இப்ப கொஞ்ச வருசமா வெடிக்கினம்” என்றேன். வெடிச் சத்தம் கேட்டால் என் வயதுக்காரர்கள் இன்னும் ஒரு நொடி சுவரோரம் ஒதுங்குவார்கள் என்பதைச் சொல்லவில்லை. வேன் முழுக்க வெடி செய்து பிழைக்கிறவர்கள். அவர்களிடம் அதை எப்படிச் சொல்வது?

கௌசல்யாவின் வீடு வசதியானது. முற்றத்தில் டிராக்டர், பக்கவாட்டில் மக்காச்சோள மூட்டைகள், மாடியில் தண்ணீர்த் தொட்டி. அம்மா ராஜம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை எங்கே?” என்றேன்.

ராஜம்மாள் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே தகரக் கூரை போட்ட ஓர் அறை. உரமூட்டை வைத்திருந்த இடமாக இருக்க வேண்டும், அந்த நெடி இன்னும் இருந்தது. ஒரு கயிற்றுக் கட்டில், மூலையில் மண்பானை, கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு. வாசலில் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். எங்களைக் கண்டதும் உள்ளே இரண்டடி பின்னால் போனாள்.

“அங்கனயே நில்லுங்க. கிட்ட வராதீக.”

நாற்பது, ஐம்பது நோயாளிகளைப் பார்த்தே ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒருவர்கூடத் தன்னிடமிருந்து என்னைக் காப்பாற்றப் பார்த்ததில்லை. நான் உள்ளே போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். பின்னால் ராஜம்மாள், “ஐயையோ, டாக்டரம்மா!” என்று பதறினார். கௌசல்யாவின் மணிக்கட்டைப் பிடித்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி பிடித்தேன். இந்த முறை விட்டுவிட்டாள். அவள் நாடித் துடிப்பு கோழிக்குஞ்சினுடையதுபோல இருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடி, யாரிடமோ ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர் படிப்பு முடித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பட்டாசு ஆலை ஒன்று வெடித்தது. தீக்காயத்தோடு வந்தவர்களில் ஒருவருக்கு ரத்தம் தேவைப்பட்டது. அவருடைய ஆட்கள் வந்து சேரவில்லை. நான் கொடுக்கிறேன் என்று இவள் போய்ப் படுத்தாள். இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, உன் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது, இனி நோயாளிகளைத் தொடக்கூடாது, வீட்டுக்குப் போ என்றார்கள்.

“பிறகு வேறை இடத்திலை பாத்தனீங்களோ?”

“அப்பா அந்த வாரமே வேற லேப்புக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்கயும் இருக்குன்னுதான் சொன்னாக.”

“அதுக்குப் பிறகு?”

“அதுக்கப்புறம் எதுக்கு? ரெண்டு எடத்துலயும் ஒண்ணுபோலச் சொல்லிட்டாகளே. பத்திய மருந்து குடுத்தாக. உப்பில்லாமச் சாப்பிட்டேன்.”

வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஆபரேஷன் நடந்ததா, பச்சை குத்தியதுண்டா, ஊசி ஏதாவது போட்டார்களா.

“வேலைக்குச் சேர்ந்தப்பம் ஒரு ஊசி போட்டாக. புதுசாச் சேர்ந்த எல்லாருக்கும். மஞ்சக்காமாலை வராம இருக்கணும்னு.”

என் பேனா நின்றது. முருகேஸ்வரியும் ரத்தம் எடுக்கும் ஊசியைப் பிரிப்பதை நிறுத்திவிட்டார்.

“அதைப் போட்டு எத்தினை நாளைக்குப் பிறகு ரத்தம் குடுத்தனீங்கள்?”

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து முருகேஸ்வரி திருப்பிச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவளுக்குப் புரிந்திருந்தது.

“மறுநா. இல்ல… அதுக்கு மறுநா. கை அப்பம்கூட வலிச்சுது. அதனால மத்தக் கையில எடுக்கச் சொன்னேன்.”

ஊசிக்கும் ரத்தத்துக்கும் இடையில் இரண்டே நாள். இதை எதற்காக இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று புரிய வேண்டுமானால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். ரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று முதலில் தேடும்போது பரிசோதனை முழு வைரஸைத் தேடுவதில்லை. அதன் மேலுறையைத் தேடுகிறது. தடுப்பூசியில் இருப்பதும் அந்த மேலுறைதான். உள்ளே வைரஸ் கிடையாது, வெறும் சட்டை. அந்தச் சட்டையைப் பார்த்து உடம்பு ஆளை அடையாளம் பழகிக்கொள்ளும். ஊசி போட்ட முதல் சில நாட்களுக்கு, சிலநேரம் இரண்டு மூன்று வாரம்வரைக்கும், அந்தச் சட்டை ரத்தத்தில் மிதக்கலாம். அப்போது ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பரிசோதனை, ஆள் வந்துவிட்டான் என்று கூவும். அதனால்தான் இந்த ஊசி போட்டவர்களிடம் சில வாரங்களுக்கு ரத்தம் வாங்கக்கூடாது. எங்கள் துறையில் இது ஒன்றும் ரகசியம் இல்லை. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது நான் இதை ஒரு சுவையான செய்தியாகச் சொல்லி, அவர்கள் சிரித்ததும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

அந்தச் சுவையான செய்தி ஒரு வருடத்துக்கு மேலாக உரமூட்டை அறையில் இருந்திருக்கிறது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல மனம் வரவில்லை. ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டோம். கார் இன்னும் சரியாகவில்லை. கௌசல்யாவின் அப்பா டிராக்டரைக் கிளப்பி எங்களைப் பெரிய சாலையில் கொண்டுவந்து விட்டார். சாத்தூருக்கு வந்து பஸ் மாறினோம். ரத்தக் குழாய்கள் இருந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

“மீன் பெட்டியாம்மா? நாறுச்சுன்னா எறக்கிவிட்டுருவேன்.”

“மருந்துண்ணே” என்றார் முருகேஸ்வரி. பஸ் நிறுத்தத்தில் வாங்கிய காராச்சேவைக் கையில் வைத்துக்கொண்டு இருவருமே சாப்பிடாமல் விருதுநகர்வரை வந்தோம்.

டாக்டர் சாந்தியின் பரிசோதனைக் கூடத்தில் மறுநாள் முற்பகலில் முடிவு வந்தது. மேலுறை இல்லை. வைரஸ் எப்போதாவது உடம்புக்குள் வந்து போயிருந்தால் பெரும்பாலும் தங்கிவிடும் தடயம் ஒன்று உண்டு. அதுவும் இல்லை. அந்த ஒற்றை ஊசியால் உண்டான எதிர்ப்புச் சக்தி மட்டும் கொஞ்சம் இருந்தது. மூன்று ஊசி போட வேண்டியவளை ஒன்றோடு அனுப்பிவிட்டார்களே. இயந்திரம் தவறுமோ என்று முருகேஸ்வரி இன்னொரு முறையும் ஓட்டிப் பார்த்தார். மாறவில்லை.

டாக்டர் சாந்தி நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஊசி போட்டியாம்மான்னு ஒரு கேள்வி. அதக் கேக்க எம்புட்டு நேரம் ஆகும்?”

யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை.

அன்றே திரும்பப் போனோம். முற்றத்தில் நின்றபடியே சொல்லிவிட்டேன். கௌசல்யாவுக்கு அந்த வைரஸ் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, அன்று தெரிந்தது தடுப்பூசி. முருகேஸ்வரி அதை அவர்கள் பேச்சில் இன்னொரு முறை சொன்னார். ராஜம்மாள் தலையிலடித்துக்கொண்டு அழுதார். பிறகு மகளின் கையைப் பிடித்து, “வா, வா. வீட்டுக்குள்ள வா கௌசி” என்று இழுத்தார்.

கௌசல்யா அசையவில்லை.

“இல்லன்னு தெரிஞ்சதும் உள்ள கூப்பிடுதியேம்மா. இருந்திருந்தா?”

ராஜம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. கௌசல்யா கத்தவில்லை, நிஜமாகவே கேட்டாள். பதிலுக்காகக் காத்திருந்தாள். இருந்திருந்தாலும் அவளைத் தனியாக வைக்க வேண்டிய தேவையே இல்லை, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் யாருக்கும் ஒன்றும் வந்திருக்காது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அந்த மகிழ்ச்சியான நேரத்தில் அது அடி விழுந்ததுபோல விழுந்தது. தூணோடு நின்ற அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். சிறிது நேரத்தில் அங்கிருந்து தகரத்தைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“அப்பம் அந்த ரத்தத்தால அவங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதில்ல?”

“ஆருக்கு?”

“வேலம்மாக்காவுக்கு. நான் ரத்தம் குடுத்தேன்ல, அவங்களுக்கு. அன்னைக்குச் சாயந்தரம் அவங்க கட்டில்ல ஒரு ரத்தப் பை தொங்குச்சு. என்னுதுன்னு நெனச்சுச் சந்தோசப்பட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வைரஸ்னு சொன்னாக. அப்பம் அந்த ரத்தம் என்ன ஆச்சுன்னு கேட்டேன். அதெல்லாம் நீ கேக்காதன்னுட்டாக.”

முருகேஸ்வரி என்னைப் பார்த்தார். கல்யாணம் நின்றதற்கும் தகர அறைக்கும் இந்தப் பெண் உள்ளே நொறுங்கியிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ வெந்துபோன ஒருத்தியின் உடம்பில் தானே நோயை ஏற்றிவிட்டதாக, ஒரு வருடத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். தனியாக வைத்தபோது ஏன் எதிர்க்கவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது தனக்குத் தகும் என்று நினைத்திருக்கிறாள்.

சோதித்து முடிக்காமல் எந்த ரத்தத்தையும் ஏற்றமாட்டார்கள், அன்று தொங்கியது ஏற்கெனவே சோதித்து வைத்திருந்த வேறு யாருடைய ரத்தமோ என்று சொன்னேன். அவள் நம்ப விரும்பினாள், முடியவில்லை. டாக்டர் சாந்திக்குப் போன் போட்டேன். அவர் அந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் விசாரித்துவிட்டு, அரை மணியில் திரும்பக் கூப்பிட்டார். போனை கௌசல்யாவின் காதிலேயே வைத்தேன்.

“உன் ரத்தத்த யாருக்கும் ஏத்தலம்மா. அழிச்சுட்டாங்க. கேட்டுட்டேன்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். முடிவைச் சொன்னபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இப்போது விக்கி விக்கி அழுதாள். நாங்கள் தடுக்கவில்லை.

“அவங்க உசுரோட இருக்காகளா?” என்றாள், முகத்தைத் துடைத்துவிட்டு. “விஸ்வநத்தம்னு சொன்னாக.”

“கார்தான் சரியாயிருச்சே. போய்ப் பாத்துருவோமா?” என்றார் முருகேஸ்வரி.

அவள் தலை சீவிக்கொண்டு வந்தாள். கார் சாலைக்கு ஏறும்போதே அவள் அம்மாவின் போன். குரல் எங்களுக்கும் கேட்டது. சௌந்தரபாண்டிக்குச் சொல்லிவிட்டாராம். மாமா குரல் தழுதழுத்துப் போனதாம். அவர் மகனுக்கு இன்னும் வேறிடம் பார்க்கவில்லையாம். நாளைக்குக் குடும்பத்தோடு வருகிறார்களாம்.

“வரட்டும்” என்றாள் கௌசல்யா. “காப்பி குடிச்சிட்டுப் போகட்டும்.”

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாக்கி ஊசிகளை எப்போது போட வேண்டும் என்று வழியில் கேட்டாள். இந்த வாரமே ஒன்று போடலாம் என்றேன்.

“போட்டா மறுபடியும் அப்பிடிக் காட்டுமா?”

“கொஞ்ச நாளைக்குக் காட்டலாம்.”

“அப்பம் கொஞ்ச நாளைக்கு யாருக்கும் ரத்தம் குடுக்க மாட்டேன்” என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஓட்டுநருக்கு முன்னால் இருந்த கண்ணாடியில்தான் பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை.

விஸ்வநத்தத்தில் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் வீட்டைக் காட்டிவிட்டார். வெடியில் தப்பியவர்களை ஊருக்கே தெரிந்திருக்கிறது. கதவு திறந்திருந்தது. ஓர் ஒற்றை அறை வீடு. மின்விசிறிக்கு நேர் கீழே, சுவரில் சாய்ந்து வேலம்மாள் உட்கார்ந்திருந்தார். கழுத்திலும் இரண்டு கைகளிலும் தோல் இழுத்துத் தைத்ததுபோல மினுங்கியது. விரல்கள் பாதி விரிந்தபடியே நின்றன. கௌசல்யா வாசலைத் தாண்டவில்லை.

வேலம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ஏ… நீ அந்தப் பிள்ளையில்ல? ஆம்புலன்ஸ்ல இருந்து எறக்கும்போது தலைமாட்டுலயே நின்னவ?”

“ஆமாக்கா.”

“எங்கன போயிட்ட நீ? கண்ணு முழிச்சதும் உன்னயத்தான் கேட்டேன். வேலைய விட்டுட்டான்னாக. ஒருவாட்டி எட்டிப் பாக்கக் கூடாதா?”

கௌசல்யா நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தம் கொடுத்தது, நோய் என்று சொன்னது, அந்தப் பையைப் பார்த்தது, பயந்தது. மூச்சு விடாமல் சொன்னாள்.

“இதுக்காகவா வரல?”

“ஆமாக்கா.”

“கிறுக்கி. எனக்கு நாலஞ்சு பேரு ரத்தம் ஏறியிருக்குன்னு சொன்னாக. ஒருத்தரு மொகமும் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச மொகம் உன்னுது ஒண்ணுதான். உள்ள வாடீ.”

அவள் உள்ளே போனாள். நானும் முருகேஸ்வரியும் வாசலிலேயே நின்றுகொண்டோம். உட்காரச் சொன்ன இடத்தில் அவள் உட்காரவில்லை. வேலம்மாளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தினமும் எண்ணெய் தேய்க்கிறீர்களா என்று கேட்டாள்.

“தேய்க்கச் சொன்னாகதான். வீட்ல இருக்கவக எல்லாரும் விடிஞ்சதும் வேலைக்குப் போயிருதாக. இந்தக் கைய வெச்சுக்கிட்டு இந்தக் கைக்கு நான் எப்பிடித் தேய்க்க?”

“எண்ணெய் எங்க இருக்கு?”

அலமாரியைக் காட்டினார். கௌசல்யா பாட்டிலை எடுத்து வந்து எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வேலம்மாளின் வலது கையைத் தன் மடியில் தூக்கி வைத்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, சுண்டுவிரலில் இருந்து தொடங்கினாள். மெல்ல நீவி, கொஞ்சம் மடக்கி, விட்டு, மறுபடி மடக்கினாள். வேலம்மாள் பல்லைக் கடித்தார்.

“வலிக்குதாக்கா?”

“வலிக்கத்தான் செய்யிது. நீ நிப்பாட்டாத.”